இரவல் கோபம்

மருத்துவ உளவியல் முதுகலை மாணவர்கள் செய்முறைப் பயிற்சிக்காக யாரிடமாவது ஒரு கோபத்தை இரவல் வாங்கிவந்து, நாற்பது மணி நேரத்துக்குள் அதை நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும். உட்கார்ந்தால் பேராசிரியை கையெழுத்துப் போடுவார். ஜெயராக்கினி இரண்டு முறை தோற்றிருந்தாள். மூன்றாவதும் தோற்றால் படிப்பு போய்விடும்.

ஒட்டன்சத்திரம் சந்தையில் முருங்கைக்காய் மொத்த வியாபாரம் செய்யும் தவசிமுத்துதான் கோபம் கொடுத்தவர். பதினோரு வயதில் மூட்டை தூக்க வந்த நாளிலிருந்து அது அவர் கூடவே நின்றது. அதை வைத்துத்தான் பேரம் பேசுவார். "பத்திரமாப் பார்த்துக்கிறேண்ணே" என்று சொல்லி அவள் கேட்டாள். அதை மதித்து யாரும் அப்படிக் கேட்டதில்லை. கொடுத்துவிட்டார். அந்த இரண்டு நாளும் கேட்ட விலைக்கெல்லாம் தலையாட்டினார். வியாபாரிகள் வரிசையில் நின்றார்கள்.

நாற்பதாவது மணியில் திரும்ப வாங்கக் கல்லூரிக்கு வந்தார். கோபம் சுவரோரம் விறைத்து நின்றது.

"தண்ணி குடுத்துப் பார்த்தியா பாப்பா?"

"குடிச்சுச்சுண்ணே. நின்னுக்கிட்டே குடிச்சுச்சு."

பேராசிரியை பேனாவை மூடினார்.

"மேடம், ஒரு மணி நேரம் சேர்த்துக் குடுங்க," என்றார் தவசிமுத்து.

"விதியில இடமில்லை."

"அரை மணி?"

"ஒரு நிமிஷம்கூட முடியாது."

இந்த இடத்தில் தவசிமுத்து வழக்கமாக மேசையில் அடிப்பார். கை எழவில்லை. "பத்து நிமிஷம் மேடம். தப்பு என்மேலதான். உட்காரவே நான் அதைப் பழக்கலை. அதுக்காக இந்தப் பிள்ளை படிப்பு போகலாமா?"

"ஏழு."

"ஒன்பது."

"சரி, எட்டு."

கோபம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. "நான் இல்லாமலே இவனுக்குப் பேரம் படிஞ்சிருச்சே," என்றது. "அப்பாடா. கால் வலிக்குது."

உட்கார்ந்தது. உட்கார்ந்த வேகத்தில் குறட்டை விட்டது. பேராசிரியை கையெழுத்துப் போட்டார்.

ஜெயராக்கினி தவசிமுத்துவின் கைகளைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள்.

"நன்றி நான்தாம்மா சொல்லணும்," என்றார் தவசிமுத்து. "முப்பத்தெட்டு வருஷமா நிக்குது. ஒருத்தரும் அதுக்கு நாற்காலி போட்டதில்லை."

தூங்குவதை எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. நாற்காலியே அதைச் சுமந்துகொண்டு படியிறங்கி, பஸ் ஸ்டாப்பில் அவருக்குப் பின்னால் வந்து நின்றது.

கண்டக்டர் இரண்டு முழு டிக்கெட் கேட்டார். "தூங்குறவருக்கு வேண்டாம்ணே. உங்களுக்கும் நாற்காலிக்கும்தான்," என்றார்.

தவசிமுத்து மெதுவாகப் பேசினார். அரை டிக்கெட்டுக்குப் படிந்தது. நாற்காலி ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்துகொண்டது.