பத்துச் சைகைகள்

நானும் என் மகளும் கடைசியாகச் சண்டை போட்டது உப்புக்காக.

காலையில் தட்டை என் முன் வைத்துவிட்டு, விரல்நுனிகளைத் தேய்த்துக் காட்டிப் புருவத்தை உயர்த்தினாள். உப்பு போதுமா என்று அர்த்தம்.

"வாய் இருக்கில்ல? வாயால கேளு."

"இங்க கேட்கும். சலவைக்கூடத்துல மெஷின் சத்தத்துல கேட்காதுப்பா. பத்தே பத்து சைகை. அம்மாகூட ஒன்பது கத்துக்கிட்டா."

"உங்கம்மாவுக்கு வேலை இல்ல."

"ஆமா, சட்டை தானா போய் கொடியில தொங்குது," என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து.

மகள் சிரிக்கவில்லை. "சனிக்கிழமைக்குள்ள எல்லாரும் கத்துக்கிட்டாத்தான் மேனேஜர் நம்ம டீச்சரை அழுக்குத் துணி அறையிலிருந்து மெஷினுக்கு மாத்துவார். இஸ்திரி வரிசையில நீங்க நாலு பேர்தான் பாக்கி. எங்கப்பாவே முறைச்சுக்கிட்டு நின்னா நான் என்ன லீடர்?"

"நாத்தத் துணி அலசறவகிட்ட, இந்த வயசுல கைகட்டிப் பாடம் கேக்கணுமா?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரித் துணிகள் வரும் சலவைக்கூடம் அது. மெஷின்கள் ஓடினால் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. இருபத்துமூன்று வயதில் அவளை ஷிப்ட் லீடராகத் தேர்ந்தெடுத்தது இளவட்டங்கள். அவர்களில் கால் தாங்கி நடப்பவன் உண்டு, நம் பேச்சு தெரியாத இரண்டு பெண்கள் உண்டு. டீச்சர் என்று அவர்கள் அழைத்தது, சைகை சொல்லித் தந்த, காதும் பேச்சும் இல்லாத ஒருத்தியை. சாக்கடைக்கு அந்தப் பக்கத்துத் தெருக்காரி. அந்தத் தெருவுக்கு எப்போதும் அழுக்குத் துணி அறைதான். தனி வாசல் வழியாக வந்து, அதன் வழியே போக வேண்டும். வெளுத்த துணி இருக்கும் கூடத்துக்குள் அவர்கள் கால் வைக்கக் கூடாது. எங்களுக்கு அவள் ஊமைச்சி.

"யாருக்கு எது வருமோ அதை அவங்க சொல்லித் தரட்டும்," என்பாள் மகள். அவள் குழுவில்தான் தகராறும் இல்லை, வேலையும் சீக்கிரம் முடிந்தது.

அன்று பதினோரு மணிக்கு நீராவிக் குழாயின் இணைப்பு கசியத் தொடங்கியது. முதலில் பார்த்தது டீச்சர். அழுக்குத் துணி அறை வாசலில் நின்றபடி மணிக்கட்டுகளைக் குறுக்கே வைத்து விரித்தாள். வெளியே போ. மகள் அதைப் பார்த்துக் கூடத்துக்குக் காட்டினாள். இளவட்டங்கள் போட்டது போட்டபடி ஓடினார்கள்.

நாங்கள் நாலு பேரும் நின்றுகொண்டிருந்தோம். மகள் கையைத் தூக்கியது எனக்குத் தெரிந்தது. காலைப் பாடத்தை எல்லார் முன்னாலும் தொடர்கிறாள் என்று நினைத்தேன். முகத்தைத் திருப்பி அடுத்த துணியில் இஸ்திரியை வைத்தேன்.

ஓடி வந்து ஒவ்வொருவராகப் பின்கதவுக்குத் தள்ளினாள். கடைசி ஆள் நான், ஏனென்றால் "என்ன?" என்று கேட்டு நின்றேன். நான் வெளிப்படியில் விழுந்தபோது, உள்ளே அவளுக்குப் பின்னால் குழாய் வெடித்தது.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் உயிரோடு இருந்தாள். அவள்மேல் விரித்திருந்தது எங்கள் கூடத்துத் துணி. மடிப்பு என் கை மடிப்பு.

மாதம் முடிந்ததும் மேனேஜர் கூப்பிட்டார். "லீடர் இடத்தை நீங்களே எடுத்துக்கங்க. உங்க பொண்ணுக்கு ஒரு மரியாதையா இருக்கும்."

"டீச்சருக்குக் கொடுங்க சார்."

அவருக்கு ஆள் புரியவில்லை. சொன்னேன்.

"அவளா? ஆபத்துன்னா அவ எப்படிங்க கத்துவா?"

"அன்னைக்குக் கத்தினது யாருக்குக் கேட்டுச்சு சார்?"

அவர் மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினார். யோசிக்கலாம் என்றார். யோசித்துக்கொண்டிருக்கிறார்.

இப்போது சாப்பாட்டு இடைவேளையில் அழுக்குத் துணி அறைக்கு எதிரே பக்கெட்டைக் கவிழ்த்து உட்காருகிறேன். மற்ற மூவரும் வந்துவிட்டார்கள். "இந்த வயசுல இதெல்லாம்..." என்று ஒருவர் முனகினார். "பேசாம கையை நீட்டுய்யா, டீச்சர் அடிப்பா," என்றேன். தப்பாகக் காட்டினால் உண்மையிலேயே மணிக்கட்டில் அடிக்கிறாள்.

பத்தும் எனக்கு வரும். வீட்டில் உப்பு போதும் என்று கையால்தான் சொல்கிறேன்.

டீச்சர் இன்னும் வாசற்படிக்கு அந்தப் பக்கம் நின்றுதான் சொல்லித் தருகிறாள்.