ஐந்தடி ஒன்பது அங்குலம்

பதினான்கு வயதில் எல்லாரையும் போல இருந்த ஷெர்லீன், பதினைந்து முடிவதற்குள் ஐந்தடி ஒன்பது அங்குலத்தில் வந்து நின்றாள். யாரைக் கேட்டு வளர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பள்ளிச் சீருடையை அம்மா பாட்ரீசியா இரண்டு முறை பிரித்துத் தைத்தாள். மூன்றாவது முறை ஊசியைக் கீழே வைத்துவிட்டாள்.

"இனிமே பிரிக்கத் துணியே இல்லலா. போதும், நிறுத்திக்க."

நிறுத்திக்கொள்ள முடிந்தால் அவள் எப்போதோ நிறுத்தியிருப்பாள். தம்பி ஆண்ட்ரூ அவளைக் கண்டாலே கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து, "டவர் வந்திருச்சு, இனி லைன் கிளியர்" என்பான். எருமைக் கடா! என்று அவனை மனசுக்குள் திட்டுவாள். அவள் தோளை முன்னால் மடக்கி, கழுத்தை உள்ளே இழுத்து, தன்னையே சுருட்டி வைத்துக்கொண்டு நடந்தாள். வகுப்புப் படத்தில் கடைசி வரிசையில் முட்டியை மடக்கி நின்றாள். அப்படியும் தலை தனியாகத் தெரிந்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சப்பரத்தை என்ன செய்வது?

மெர்லிமா டவுனிலிருந்து உள்ளே போனால் வரும் அந்தச் செம்பனைத் தோட்டத்து மாதா கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. அந்த வருடம் உறுதிப்பூசுதல் பெற்ற பெண்களில் நான்கு பேர்தான் திருநாளன்று மாதாவின் சப்பரத்தைத் தோளில் சுமப்பார்கள். அடுத்த வருடம் வேறு நால்வர். ஆயுளில் ஒரே ஒரு தடவை. பாட்ரீசியாவும் சுமந்தவள். எட்டு வயதிலிருந்தே ஷெர்லீன் தன் முறைக்காக நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

கோயில் உபதேசியார் சவரியப்பன் வீடு கட்டும் வேலை பார்த்தவர். ஒத்திகையன்று வெறும் சப்பரத்தை நான்கு பெண்களின் தோளில் ஏற்றி, அதன்மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். குமிழி ஓட்டமாக ஓடி ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. பின்பக்கம் வலது மூலையில் நின்ற ஷெர்லீனை ஏற இறங்கப் பார்த்தார். இறங்கப் பார்க்கவே நேரம் பிடித்தது.

"அலாமாக். பாப்பா, மாதா சாஞ்சிருவாங்கம்மா. நீ மெழுகுவர்த்தி புடிச்சுக்க. உன் இடத்துல வேற பிள்ளையப் போட்டுக்கறேன்."

"அங்கிள், நான் முட்டிய மடக்கிக்கிட்டு நடக்கறேன். ப்ளீஸ் அங்கிள்."

"ஒரு மைல் தூரமா?"

"முடியும் அங்கிள்."

முன்னால் நின்ற கிளாரிசா திரும்பினாள். "நாங்க மூணு பேரும் பசார் மாலாம் ராச்சந்தையில அடி மொத்தமான சப்பாத்து வாங்கிக்கிறோம். இவ வெறுங்கால்ல வரட்டும். சரியாயிரும் அங்கிள்." தேவமலரும் மோகனாவும் தலையாட்டினார்கள். உபதேசியார் மாதாவைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் "ஒரு சொட்டு சாஞ்சாலும் இறக்கிருவேன்" என்றார்.

இரண்டு வாரம் ஷெர்லீன் வீட்டுக்குள் முட்டியை மடக்கியே நடந்தாள். அடுப்படிக்கு, குளியலறைக்கு, மாடிப்படி இல்லாத வீடாகப் போனது அவள் அதிர்ஷ்டம். தொடை எரிந்தது. பாட்ரீசியா பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டு, தினமும் தைலம் தேய்த்துவிட்டாள்.

திருநாளன்று மத்தியானம் கொட்டித் தீர்த்தது மழை. சாயங்காலம் வானம் வெளுத்ததும் மாதாவைச் சப்பரத்தில் ஏற்றி, நைலான் கயிற்றால் நாலு பக்கமும் இறுக்கிக் கட்டினார்கள். மூன்று பேரும் நான்கு விரற்கடை உயரச் சப்பாத்தில். ஷெர்லீன் வெறுங்காலில், பாவாடைக்குள் முட்டியை மடக்கி. மாதா நேராக நின்றாள். தார் ரோடு முழுக்க ஒரு குறையும் இல்லை.

தோட்டத்து வீடுகள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்ற லயத்துக்குள் திரும்பியதும் செம்மண். முதலில் மோகனாவின் சப்பாத்து சேற்றில் புதைந்தது, பிறகு தேவமலருடையது. இழுக்க இழுக்க உள்ளே போனது. வேறு வழியில்லாமல் மூவரும் கால்களை உருவிக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார்கள். ஒரேயடியாக நான்கு விரற்கடை இறங்கிவிட்டது. ஷெர்லீன் இன்னும் மடங்கினாள். தொடை நடுங்கியது. வலது காலில் நரம்பு பிடித்து இழுத்தது. விழுந்தால் மாதாவோடு விழ வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு முட்டியை நேராக்கினாள்.

ஒரு வருடத்தில் அன்றுதான் அவள் கால்கள் முழுசாக நிமிர்ந்தன. சப்பரம் பின்வலது மூலையில் எழும்பி, முன்னே இடது பக்கமாகச் சரிந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

இடது வரிசையில் முதல் வீடு இருசம்மாளுடையது. அவர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர். ஆனாலும் வருடா வருடம் வாசலில் சூடம் ஏற்றி நிற்பார். இந்த வருடம் சர்க்கரை வியாதியில் முட்டிக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் வாசலுக்கே வந்ததில்லை. இன்று மகள் உஷாராணி வலுக்கட்டாயமாகச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் பலகையின் அடிப்பக்கமும் பூச்சரமும்தான் தெரியும். மாதாவின் பார்வையோ எப்போதும் நேரே, எல்லார் தலைக்கும் மேலே.

"தாயி!"

அந்தக் குரலில் ஷெர்லீன் கண்ணைத் திறந்தாள்.

"தாயி, குனிஞ்சு பாக்கறியா? என்னையா பாக்கற?"

இருசம்மாள் சூடத் தட்டை உயர்த்திப் பிடித்தார். மாதா உண்மையிலேயே குனிந்திருந்தாள். கிரீடத்துக்குக் கீழே அந்த முகம், உட்கார்ந்திருந்தவரின் முகத்துக்கு நேரே இறங்கியிருந்தது. இத்தனை வருடம் பார்த்த சிலைதான். இப்படிப் பார்த்ததே இல்லை. ஒலிபெருக்கியில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த சவரியப்பன், திட்டுவதற்காகத் திரும்பியவர், "சேசுவே" என்றார். அது லயம் முழுக்கக் கேட்டது. ஜெபமாலை அதோடு நின்றுவிட்டது.

ஷெர்லீனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. முதலில் மாதாவை நினைத்துத்தான். அப்புறம், மெல்ல, தன் கால்களை நினைத்து. தான் கேட்காமல், தனக்குச் சொல்லாமல், ராத்திரியெல்லாம் வளர்ந்த எலும்பு. அதைப் பற்றி அவளுக்கு முதல்முறையாகப் பயபக்தி வந்தது.

"அங்கிள், இறக்கிறட்டா?" என்றாள்.

சவரியப்பன் மைக்கைப் பொத்திக்கொண்டு கிட்டே வந்தார். அவள் முகத்தைப் பார்க்க அவர் அண்ணாந்தார்.

"அசையாதம்மா. மடக்கவும் செய்யாத. அப்படியே வா."

இடது வரிசை வீடுகள் ஒவ்வொன்றையும் மாதா குனிந்து பார்த்துக்கொண்டே போனாள். எதிர் வரிசைக்காரர்களுக்குத் தெரிந்ததெல்லாம் முதுகும் நீல முக்காடும்தான். அவர்கள் முணுமுணுப்பது ஷெர்லீனுக்குக் கேட்டது. லயத்தின் கோடியில் சப்பரம் திரும்பியது. கோயிலுக்கு அதே வழியாகத்தான் போக வேண்டும். இப்போது எதிர் வரிசை இடது கைப்பக்கம் வந்தது.

அங்கே வாசலில் ஒருவரும் நிற்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலி, முக்காலி, மீன்பெட்டி, ஒன்றும் கிடைக்காதவர்கள் ஈரப் படிக்கட்டு. லோரி ஓட்டும் தம்புசாமி முதற்கொண்டு கைக்குழந்தைக்காரிகள் வரை, வரிசை முழுக்க உட்கார்ந்து, மாதாவின் முகத்தை அண்ணாந்து பார்த்துக் காத்திருந்தார்கள்.

ஷெர்லீன் மடக்கியிருந்த தோளையும் விரித்தாள். இன்னும் ஓர் அங்குலம் மிச்சம் இருந்தது. அதையும் கொடுத்தாள்.