பத்தக்கா காத்திருந்தாள்

உடலைத் தூக்க நான்கு பேர் குனிந்த நேரத்தில் யாரோ பின்கதவைத் தட்டினார்கள். தையல்காரர், இறந்து கிடந்த தன் மனைவியின் கால்மாட்டிலிருந்து எழுந்து போனார். அன்று செவ்வாய். செவ்வாய்தோறும் பின்கதவைத் திறப்பது அவர் வேலை. வீடு தேடி வரும் குழந்தையின் மூச்சைப் பார்ப்பது அவள் வேலை.

ஆஸ்பத்திரியில் மூச்சிழுப்பு வந்த பிள்ளைகளோடு இருபது வருடம் மல்லுக்கட்டிய நர்ஸ் அவள். மருந்தை உறிஞ்சி, மூச்சைப் பிடித்துப் பத்து எண்ணு என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளுக்குப் பத்தக்கா ஆகிப்போனாள்.

வெளியே ஒரு தாய், தோளில் ஐந்து வயதுப் பெண். அக்கா இருக்காங்களா என்று கேட்டவள், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. திரும்பப் போனவளை அவர் நிறுத்தி, குழந்தையின் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா இடுக்குகள் குழிந்தன.

தினமும் வாயில் அடிக்கிற மருந்தை ஒருநாளும் விடவில்லை என்று தாய் டப்பாவை நீட்டினாள். மருந்து என்றைக்குத் தீரும் என்று அதில் மனைவியின் கையெழுத்தில் தேதி இருந்தது. அது தாண்டி மூன்று வாரம். அவள் படுக்கையில் விழுந்ததும் மூன்று வாரத்துக்கு முன்புதான்.

"அடிச்சா சத்தம் வருதேண்ணா."

"வெறுங்காத்தும்மா அது."

அவசரத்துக்கு வைத்திருந்த நீல டப்பா மருந்தும் காலையிலிருந்து கேட்கவில்லையாம். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டால் முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். வாசலில் சவ வண்டி நின்றது.

குழந்தையை முதலில் அதில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்று அவர் சொன்னதைக் கேட்டு மனைவியின் அண்ணனுக்கு முகம் சிவந்தது. மயானத்தில் ஐந்தரைக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள்.

"என்ன மாப்ள, என் தங்கச்சிய இப்படிப் போட்டு வச்சுட்டு? நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"பேசட்டும். இருபது வருஷமா என்னை உக்கார வச்சுட்டு ஆஸ்பத்திரில நின்னா. கேட்டா, புள்ளைக்கு இன்னும் மூச்சு சரியாகலைன்னுவா. இன்னிக்கு அவ காத்திருக்கட்டும்."

டிரைவர் தலையைச் சொறிந்தார். "இதுல உயிரோட யாரையும் ஏத்துனதில்லைங்க."

"ஏத்திப் பாருங்க. ஒண்ணும் ஆகாது."

படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வைக்கும்படி தாயிடம் இரண்டு தரம் சொல்லி அனுப்பினார். பிறகு வந்து மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். உறவுகள் கடிகாரத்தைப் பார்த்தன, அவரைப் பார்த்தன. ஒருவர் கேட்கும்படியே முணுமுணுத்தார்.

ஐந்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது வண்டி திரும்பியது. குழந்தைக்கு மூக்கில் மாஸ்க் வைத்து மருந்து கொடுத்தார்களாம்; ராத்திரி அங்கேயே இருக்க வேண்டுமாம் என்றார் டிரைவர்.

"நான் கிளம்புறப்ப அந்தப் புள்ள கூப்பிட்டுக் கேக்குதுங்க, மாமா உங்க வண்டில ஏன் சீட்டே இல்ல, எல்லாரும் படுத்துக்கிட்டேவா போவாங்கன்னு."

தையல்காரர் எழுந்தார். "ஒரே மூச்சுலயா கேட்டுச்சு?"

"ஆமாங்க. கடகடன்னு."

அவர் மனைவியின் தலைமாட்டுக்குப் போய்க் குனிந்தார்.

"வாங்க மச்சான்," என்றார். "அந்தப் பக்கம் பிடிங்க."