ஆமை தூங்கும் கராஜ்

எனக்கு ஒன்பது வயதில் அப்பா வாங்கித் தந்த ஆமை ஹெக்டர். இலையுதிர் காலம் முடிந்ததும் பெட்டிக்குள் படுத்தால் வசந்தம் வரைக்கும் தூக்கம்தான். அதற்குக் குளிர் வேண்டும், ஆனால் உறையவும் கூடாது, நனையவும் கூடாது. அதனால் பெட்டிக்கு இடம் எங்கள் கராஜ். கார் தெருவில் நிற்கும். எங்கள் ஊர் ஹாலிஃபாக்ஸில் யார்தான் கராஜில் கார் வைக்கிறார்கள்?

போன குளிர்காலத்தில் அந்த ஒற்றைச் செங்கல் சுவர் வியர்த்து வழிந்து, பெட்டி ஊறிப்போனது. ஹெக்டருக்குச் சளி பிடித்து, பிழைத்ததே பெரும்பாடு. அதைக் "கல்லு" என்றே கூப்பிடும் என் கணவன் கிளிஃப், இந்த வருடம் குளிருக்கு முன்பே கராஜில் குடியேறிவிட்டான். சுவரெங்கும் மரச்சட்டம் அடித்தான், குளிரையும் ஈரத்தையும் தடுக்கும் நுரைப்பலகை பொருத்தினான், இடுக்குகளில் வெள்ளி டேப் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் தாள் இழுத்துக் கட்டினான். காற்றுத் துளையை மட்டும் அடைக்கவில்லை. அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். சுவர் காய்ந்து கிடந்தது.

டிசம்பரில் கிறிஸ்துமஸ் விளக்குகளை எடுக்கப் போனேன். பெட்டிக்குள் பிறாண்டும் சத்தம். கராஜ் கதகதவென்று இருந்தது. பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் ஒரு சின்ன ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நடுக்குளிரில் விழித்த ஆமை சாப்பிடாவிட்டால் செத்துப்போகும். வீட்டுக்குள் ஓடினேன்.

"கிளிஃப்! உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா?"

"வெளிய பனி கொட்டுது, ஈனிட். பாவமா இருந்துச்சு."

"அது தூங்குறதே குளிர்லதான்யா!"

"தெரியும். மனசு கேக்கல."

மனசு கேட்கவில்லையாம்! அதற்கு மேல் என்னத்தைத் திட்டுவது?

இந்தக் குளிருக்கு இனி தூங்கவைக்கக் கூடாது, வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டிச் சாப்பிட வையுங்கள் என்றார் கால்நடை டாக்டர். ஹெக்டர் வெள்ளரிக்காயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிளிஃப் பனிக்கடியில் டேன்டிலியன் களைச்செடியின் இலை தேடிப் பறித்து வந்து, மூட்டுவலியோடு சமையலறைத் தரையில் உட்கார்ந்தான். மறுநாளும் அப்படியே.

"ஒரு வாய்டா ராசா. எனக்காக."

மத்தியானம் ஹெக்டர் கழுத்தை நீட்டியது. இலையோடு அவன் விரலையும் சேர்த்துக் கடித்தது. அவன் விரலை எடுக்கவில்லை.

"நமக்கப்புறமும் இவன் இருப்பான்ல?" என்றான். "அதான் செவுத்த அவ்ளோ கெட்டியா பண்ணேன். அப்போ யார்கிட்ட இருந்தாலும் இவன் நனையக் கூடாது."

நாங்கள் இல்லாமல் போகும் அந்த நாளைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. அவன் யோசித்து, என்னிடம் சொல்லாமலே அதற்காகச் சுவரையும் கெட்டியாக்கி முடித்திருக்கிறான். அழுகை வந்தது. நானும் தரையில் உட்கார்ந்து அவன் தோளில் சாய்ந்தேன். இந்த வயதான முட்டிகளோடு அங்கிருந்து எப்படி எழுந்திருப்பது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.