நாற்காலியில் உட்கார வைக்கும் வாக்கியங்கள்

...மாய் ஜெப், மாய் ஜெப், வலிக்காது, 'மாய்' மேலே போய்க் கீழே விழ வேண்டுமாம், தாய்லாந்து பாஷை டீச்சர் நேற்றும் அதையேதான் சொன்னாள், வலிக்காது என்ற ஒரு பொய்யைச் சொல்ல எதற்கு இத்தனை ராகம்... ஒரு காதில் டீச்சரின் பதிவு, மறு காதில் டாக்டரின் துளைக்கும் மெஷின், கையில் எச்சில் உறிஞ்சும் குழாய், நாற்காலியில் ஆறு வயசுப் பெண் ஒன்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு. குழந்தைகளுக்கு மட்டும் பல் பார்க்கிற இடம் இது, சுவரெல்லாம் முயல், கூரையில் மேகம், நடப்பது என்னவோ துளைப்பதும் பிடுங்குவதும்தான். பெற்றவர்கள் உள்ளே வரக்கூடாது என்பது டாக்டரின் சட்டம், அம்மா முகத்தைப் பார்த்தால் பிள்ளை அழும், அழுகிற வாய்க்குள் ஊசி போகாது. அதனால் கதவுவரை அம்மா, கதவுக்கு இப்பால் நான். கையைப் பிடித்துக்கொண்டு பொய் சொல்வதுதான் என் உத்தியோகம். வலிக்காது, அழக்கூடாது, அம்மா வெளியிலேயே நிற்கிறாள், இதோ வந்துவிடுவாள்... குரலை மட்டும் உயர்த்தக்கூடாது, எப்பேர்ப்பட்ட பிடிவாதமும் இதற்கு மசிந்துவிடும். என் தம்பி மகள் எம்மாத்திரம்?

டீச்சர் முதல் நாள் தண்ணீர் எங்கே, டாக்ஸி எங்கே, கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள் என்று ஆரம்பித்தாள், பாவம், எல்லோருக்கும் அதுதான் சொல்லிக்கொடுப்பாளாம். அதெல்லாம் வேண்டாம், ஒரு குழந்தையோடு பேச மட்டும் போதும் என்றேன். எங்கள் இருவருக்கும் ஆங்கிலம் அரைகுறை, ஆனாலும் புரிந்துகொண்டு திரையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், இப்படி ஒரு அத்தையா என்று. துடைத்துக்கொள், எனக்கென்ன. மே யூ காங் நோக், அம்மா வெளியில் இருக்கிறாள். தியாவ் மே மா, அம்மா இதோ வந்துவிடுவாள். ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினேன். நடுவில் அவளாகவே, குழந்தை என்ன கேட்கும் என்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், மே யூ நாய், அம்மா எங்கே, இதுதான் முதலில் கேட்கும் என்றாள். அது பிறகு பார்க்கலாம் என்று பேச்சை மாற்றிவிட்டேன். அந்தப் பாடத்துக்கு நான் இன்னும் போகவில்லை.

தம்பி தாய்லாந்துக்கு வேலைக்குப் போய் அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான், போன வருஷம் மழையில் லாரி மோதிப் போய்ச் சேர்ந்தான். அவள் ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கிற பிரிவில் நாள் முழுக்க நிற்கிறாள், பிள்ளை பக்கத்து வீட்டில் கிடக்கிறது. ஒரு மாதம் எங்களோடு இருக்கட்டுமே, நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன், உடனே சரி என்றுவிட்டாள், தன் மகளை அப்பா வழி மனிதர்கள் தேடுகிறார்கள் என்று அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். அசடு. ஒரு மாதமாம். இங்கே ஸ்கூலில் இடம் சொல்லி வைத்தாகிவிட்டது, சின்னக் கட்டில் வந்து இறங்கிவிட்டது. வீட்டுக்காரர்தான் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தார். “ஒரு மாசத்துக்குத்தானே, பாய் போட்டா பத்தாதா?” என்றார். “ஆமா, ஒரு மாசம்தான்” என்றேன். “நீ ஆமாங்கிற விதமே சரியில்லையே” என்று முணுமுணுத்துக்கொண்டே போனார், போகட்டும், என் வயிறு திறக்கவில்லை என்று எத்தனை ஆஸ்பத்திரி ஏறி இறங்கினோம், ஊசி எனக்குத்தானே, அவருக்கா. அவளுக்கு என்ன, சின்ன வயசு, நாளைக்கே இன்னொருத்தன் வருவான், இன்னொன்று பிறக்கும். எனக்கு? தம்பியின் ரத்தத்தை எவனோ ஒருவன் வீட்டு மூலையில் விட்டுவைக்க வேண்டுமா? போன வாரம் வீடியோவில் அந்தப் பிள்ளை வாயைத் திறந்து ஆடுகிற பல்லைக் காட்டியது, அப்படியே தம்பியின் வாய். அத்தை வந்துதான் பிடுங்க வேண்டுமென்று யாரையும் தொட விடுவதில்லை என்று அவள் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பல்லைக் காட்டிக்கொண்டு தானாகவே என்னிடம் வருகிறது பார்...

“உறிஞ்சும்மா, எங்க பராக்குப் பாக்குற?” டாக்டர். குழாயைச் சரியாக வைத்தேன். பெண் என் விரலை நசுக்கிக்கொண்டிருந்தது. “வலிக்காது கண்ணு, அம்மா கதவுகிட்டயேதான் நிக்கிறாங்க.” முடிந்தது, பஞ்சைக் கடிக்கச் சொல்லி இறக்கிவிட்டு, கையைப் பிடித்தபடி கதவைத் திறந்தேன். பெஞ்சு காலி. கைப்பை மட்டும் இருந்தது. அந்த அம்மாள் எங்கே தொலைந்தாள், சிலதுகள் இப்படித்தான், பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டுப் போனோடு உலாத்தப் போய்விடும்... பெண் பெஞ்சைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. மரத்துப்போன வாயோடு, “நிக்கிறாங்கன்னு சொன்னீங்க?” என்றது. “இதோ வந்துடுவாங்க.” அதே குரல், ஏறாமல் இறங்காமல், எங்கேயும் தோற்காத குரல். அது அழவில்லை, ஒரு குழந்தை அழாமல் இருந்ததற்காக நான் பயந்தது இன்றைக்குத்தான். என் விரல்களுக்குள்ளிருந்து தன் கையை மெதுவாக உருவிக்கொண்டு, பெஞ்சின் கோடியில் போய், என்னிடமிருந்து எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி உட்கார்ந்துகொண்டது.

அம்மாள் ஓடி வந்தாள், கார் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது என்று யாரோ கூப்பிட்டார்களாம், “அழுதாளா?” என்று என்னைக் கேட்டாள். “இல்லம்மா, சமத்து.” பெண் அவள் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டது, அவ்வளவுதான், ஒரு நொடியில் நான் சொன்னது பொய்யில்லை என்று ஆகிவிட்டது. எப்போதும் இப்படித்தானே ஆகிறது. நான் சொல்வேன், கதவைத் திறப்பேன், யாராவது ஒருத்தி நிற்பாள், அல்லது ஓடி வருவாள். இத்தனை வருஷமும் என் வாக்கைக் காப்பாற்றியது என் குரல் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்... அந்தச் சின்னக் கட்டிலில் முதல் நாள் சொல்லிவிடலாம், தியாவ் மே மா. இரண்டாம் நாளும் சொல்லலாம். அதற்கப்புறம் எந்தக் கதவைத் திறந்து யாரைக் காட்டுவேன்? காதுக்குள் டீச்சர், மறுபடி சொல்லுங்கள், மறுபடி சொல்லுங்கள் என்கிறாள். டிக்கெட் எடுத்தாகிவிட்டது, தம்பி பெண்டாட்டி பிள்ளையின் துணிகளை மடித்து வைத்துவிட்டதாகப் படம் அனுப்பியிருக்கிறாள்... டாக்டர் உள்ளிருந்து “அடுத்தது யாரு?” என்றார். வாசலில் ஒருத்தி குனிந்து ஒரு சின்னக் கையை என் கையில் கொடுத்தாள், என் முகத்தை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை, அப்படியே கொடுத்தாள். “வா கண்ணு, வலிக்காது, அம்மா...” என்று ஆரம்பித்தேன், மீதி வரவில்லை, கதவைச் சாத்தினேன்.