கர்னல் வீட்டு ரம்

டிசம்பர் இருபத்து நாலாம் தேதி சாயங்காலம், பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டின் மூன்றாம் மாடி வீட்டில், ஆட்டோக்காரன் ஆரோக்கியராஜ் அரிசி டிரம்முக்குள் தோள்வரை கையை விட்டு ரம் தேடிக்கொண்டிருந்தான். அரிசிதான் வந்தது. ஊரில் பாதிப் பேர் அரிசிக்காக ஆண்டவரைக் கும்பிடுகிறார்கள். இவனுக்கு அரிசி வந்து எரிச்சல் மூட்டியது.

கடைக்குப் போயிருக்கலாம். நடந்துபோகிற தூரம்தான். ஆனால், "இனிமே கடை வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று ஆறு வருஷத்துக்கு முன்னால் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலில் மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்திருந்தான். ரம்மில் ஊறிய திராட்சையைத் தின்ன மாட்டேன் என்று சொன்னதாக அவனுக்கு ஞாபகமில்லை. மீட்டர் போடாமலே காலம் தள்ளிய ஆட்டோக்காரனுக்குச் சத்தியத்தில் ஒரு சந்து கண்டுபிடிப்பது பெரிய காரியமா?

சத்தியமும் சும்மா செய்ததில்லை. பேரம். மனைவி ஜெசிந்தாவுக்கு அப்போது கர்ப்பப்பையை எடுக்கிற ஆபரேஷன். ரத்தம் நிற்கவில்லை என்று டாக்டரம்மா சொன்னதும், அடையாறு பாலத்தில் ஆட்டோவை விரட்டிக்கொண்டு போய் மாதா முன்னால் நின்றான். "நான் குடிய வுட்டுர்றேன் தாயே. நீ அவள எனக்கு வுட்டுரு." சவாரி பேசுகிற அதே குரல்தான். மாதா கூட்டிக் குறைத்துப் பேசவில்லை. ஜெசிந்தா பிழைத்தாள். இவனும் விட்டான்.

இவன் பக்கம் ஒரு சொட்டுத் தவறவில்லை. போன மாதம் மாதா பக்கம் தவறிவிட்டது.

வயிற்று வலி என்று நடந்தே ஆஸ்பத்திரிக்குள் போனவள், மூன்று வாரம் கழித்து ஆம்புலன்ஸில் வீட்டுக்கு வந்தாள், வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு. அந்த மூன்று வாரமும் இவன் வார்டையே சிரிக்க வைத்தான். பக்கத்துக் கட்டில் பாட்டியம்மா சிரித்தாள், குளுக்கோஸ் மாற்ற வந்த நர்ஸ் சிரித்தாள். ஜெசிந்தா மட்டும் கையை நீட்டி அவன் வாயைப் பொத்தினாள். "போதும்யா. சிரிச்சா வலிக்குது." அந்தக் கையில் ஸ்பிரிட் வாசனை அடித்தது. அதோடு அவனிடமிருந்த ஜோக்கெல்லாம் தீர்ந்துபோனது.

இப்போது இது துக்க வீடு. வருஷம் திரும்பும்வரை நட்சத்திரம் கட்டக் கூடாது, குடில் ஜோடிக்கக் கூடாது, பலகாரச் சட்டி அடுப்பில் ஏறக் கூடாது. எதிர் பிளாக் முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாய் நட்சத்திரங்கள் தொங்க, இவன் வாசலில் அதை மாட்டுகிற ஆணி மட்டும் இருந்தது. முந்தாநாள் கோயில்காரர்கள் கேரல் பாடிக்கொண்டு வந்தார்கள். இரண்டாம் மாடியில் டிரம் இடித்தது. இவன் மாடிக்கு ஏறும்போது நின்றுவிட்டது. செருப்புச் சத்தம் மட்டும் பூனை மாதிரி வாசலைத் தாண்டிப் போய், நாலாம் மாடியில் மறுபடி டிரம் இடித்தது. மரியாதைக்காகத்தான் நிறுத்தினார்கள். அந்த மரியாதையை அவனால்தான் தாங்க முடியவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, 'அடிச்சுத் தொலைங்களேன்டா' என்று வாய்க்குள் கெஞ்சினான்.

போன் அடித்தது. டில்லிபாபு. ஆட்டோ ஸ்டாண்டில் பக்கத்து வண்டி. பழைய நாளில் பக்கத்து கிளாஸ்.

"இன்னா மச்சி, பண்டிகையும் அதுவுமா தனியா குந்திக்கினு இன்னா பண்ற? வா, சும்மா ஒரு கட்டிங்."

"வோணாம் நைனா. வூட்லயே கீது."

"அடப்பாவி! அந்த மிலிட்டரி ஐட்டமா? ஒனக்கு தெகிரியம் வந்துச்சா?"

"வந்துச்சு. சரக்குதான் எங்க கீதுன்னு தெரில."

வருஷா வருஷம் செப்டம்பரில் ஜெசிந்தா கேக்குக்குப் பழம் ஊறப் போடுவாள். மந்தைவெளியில் அவள் சமையல் வேலை பார்த்த கர்னல் வீட்டில் ஒரு பாட்டில் மிலிட்டரி ரம் கொடுத்தார்கள் என்பாள். பெரிய கண்ணாடி ஜாடியில் முந்திரியும் திராட்சையும் செர்ரியும் கருஞ்சிவப்பாய் மிதக்கும். அதை இவன் கண்ணில் படாமல் எங்காவது ஒளித்து, தண்ணீர் ஊற்றிய தட்டில் நிறுத்திவைப்பாள். மிலிட்டரி சரக்குக்கு அந்த மரியாதை வேண்டும்போல என்று இவன் நினைத்துக்கொள்வான். எப்படியும் தேடிக் கண்டுபிடித்து, மூடியைத் திறந்து, நெஞ்சு நிறைய மோந்துவிட்டு மூடுவான். "பாத்தியா? தொடல." "சாத்தானையே ஜெயிச்சிட்ட. நீ பெரிய அந்தோணியார்தான் போ," என்பாள் ஜெசிந்தா.

அந்தப் பெருமை ஆட்டோவில் ஏறிய எல்லோருக்கும் இலவசம். "வூட்ல ஒரு ஜாடி ஒரிஜினல் ரம்மு கீது சார். இந்தக் கை தொட்டது கெடையாது." தி.நகரில் சிக்னல் நீளமாக விழுந்தால் மோந்து பார்த்த கதையும் சேர்ந்து வரும். கோயிலில் சாட்சி சொல்ல ஆள் தேடினால் இவனைத்தான் எழுப்புவார்கள். சாமியார் ஒருமுறை பிரசங்கத்தில் "நம் ஆட்டோ சகோதரர் ஒருவர்" என்று சொன்னார். பெயரையும் சொல்லியிருக்கலாம் என்று இவனுக்கு இன்றுவரை மனக்குறை.

இந்த வருஷமும் ஜெசிந்தா ஒளித்துவைத்தாள். இவன் தேடுவதற்குள் வயிற்று வலி வந்துவிட்டது.

வாஷிங் மெஷினுக்குள் இல்லை. பீரோ மேலில்லை. கட்டிலுக்கடியில் அவள் செருப்பு மட்டும் ஜோடியாய் இருந்தது. அதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் தரையிலேயே படுத்துக் கிடந்தான். எழுந்தபோது சுவரில் மாதா படம். ஒரு மாதமாக அந்தப் பக்கம் பேச்சுவார்த்தை கிடையாது.

"பேச்சுன்னா பேச்சா இருக்கணும்," என்றான் படத்தைப் பார்த்து. "நீ தப்புன. இப்ப நான் தப்பறேன். செரிக்குச் செரி."

பாக்கியிருந்தது குடில் பெட்டி. லாஃப்டில் இருந்த அட்டைப்பெட்டி. அதை மட்டும் திறக்கக் கூடாது என்று அவனாகவே ஒதுக்கிவைத்திருந்தான். ஸ்டூல் போட்டு ஏறினால், பெட்டியைச் சுற்றி எறும்புச் சாக்பீஸால் பட்டையாய்க் கோடு. இறக்கித் திறந்தான். வைக்கோல். அதற்குள் காது உடைந்த கழுதை, நாலைந்து ஆடு, குழந்தை ஏசு, பேப்பரில் சுற்றிய மூன்று ராஜாக்கள். நடுவில், வளைத்துக் காவல் இருப்பதுபோல அவர்கள் சூழ்ந்திருக்க, ஜாடி.

மூடியைத் திறந்ததும் அந்த வாசனை. ஆறு வருஷமாக மோந்து மட்டும் பார்த்த வாசனை. கரண்டியை விட்டு, பழத்தை ஒதுக்கி, சாறாக மொண்டு வாயில் ஊற்றினான். கண்ணை மூடிக்கொண்டு, தொண்டையில் அந்தப் பழைய நெருப்பு இறங்கக் காத்திருந்தான்.

இனித்தது.

கிராம்பு. ஆரஞ்சுத் தோல். இன்னொரு கரண்டி. நாக்கு மரத்துப்போயிருக்கும் என்று இன்னும் ஒன்று. காது சூடேறவில்லை, பல்தான் கூசியது. பெட்டிக்குள் மறுபடி பார்த்தான். குழந்தை ஏசு படுக்கிற தீவனத் தொட்டியில், பஞ்சுக்குள், கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு பாட்டில். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக் கூட்டினான். ரம் எசென்ஸ். பாதி காலி.

"இன்னாண்ணே, வெளக்குகூடப் போடாம குந்திக்கினு கீற?"

பக்கத்து வீட்டு தேசம்மா. மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். துக்க வீட்டில் உலை ஏறாது என்று ஒரு மாதமாய்க் குழம்பு கொண்டுவருகிறாள். "சோறும் வஞ்சிரமும் கொண்டாந்துகீறேன். துன்னு." ஜாடியைப் பார்த்ததும் கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தாள். "ஐய. அத்த கண்டுபுட்சிட்டியா?"

"இது இன்னா தேசம்மா?"

"சக்கரப் பாகு. கருக்கி ஊத்தினது. நான்தான் சக்கர வாங்கியாருவேன்."

"கர்னல் வூட்டு ரம்மு?"

"இன்னா கர்னலு? அந்த வூட்ல ஒரு ரிட்டையர் டீச்சரம்மாதான் கீது. மோரு புளிச்சாலே கீய ஊத்திடும்."

"ஆறு வருசமாவா?"

தேசம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைக்க ஒன்றுமில்லை.

"மொத வருசமே கேட்டேன். ஏன்டி, அந்தாளுக்குத் தெரிஞ்சா மானம் பூடாதான்னு. 'ரம்ம வூட்ல வெச்சிக்கினு எனக்குத் தூக்கம் வருமா தேசம்மா? ஆனா அவரு வருசா வருசம் ஜெயிக்கணும்'னு சொன்னா."

ஆரோக்கியராஜ் சிரித்தான். ஒரு மாதத்தில் முதல் சிரிப்பு. சாத்தானோடு மல்லுக்கட்டியதாக ஊரெல்லாம் சாட்சி சொன்னவன் கட்டிப் புரண்டதெல்லாம் சர்க்கரைப் பாகோடு. அதற்கு ஒரு பிரசங்கம் வேறு! சிரிப்பு நிற்காமல் விலாவைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். சிரித்தால் வலிக்கிறது என்று அவள் சொன்னாளே, எந்த இடத்தில் வலிக்கும் என்று இப்போது தெரிந்தது. தேசம்மா, அவன் சிரிப்பது நின்று, வேறு சத்தம் வந்து, அதுவும் அடங்கும்வரை பக்கத்தில் குந்தியிருந்துவிட்டு, "கொயம்பு ஆறிடும்," என்று எழுந்து போனாள்.

ஆட்டோ சாவி ஆணியில் தொங்கியது. கடை திறந்துதான் இருக்கும். சாவியை எடுத்தான், கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தான். ஒரு மாதமாக, நான் கொடுத்தேன் நீ கொடுக்கவில்லை என்று மேலே பார்த்து நியாயம் கேட்டுக்கொண்டிருந்தான். இவன் என்ன கொடுத்தான்? இவன் விட்டதாகச் சொன்ன குடியைக்கூட அவள்தான் அடுப்படியில் சர்க்கரையைக் கருக்கி, கரண்டி கரண்டியாய்க் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறாள். வாங்கிக்கொண்டே இருந்தவனுக்குக் கொடுத்தவன் என்ற நினைப்பு.

போன் மறுபடி அடித்தது.

"இன்னா மச்சி, கெட்ச்சிதா?"

"கெட்ச்சிது. மூணு கரண்டி வுட்டேன்."

"ஏறுச்சா?"

"எறங்க மாட்டேங்குது," என்றான். "வெச்சிட்றேன் நைனா. நீயும் வூட்டுக்குப் போ."

சாவியை ஆணியில் மாட்டினான். படத்தின் முன்னால் வந்து நின்றான். மெழுகுவத்தி இல்லை. பேரம் பேச ஒன்றும் மிச்சமில்லை.

"கோவம் இன்னும் போவல தாயே. போவும்னு தோணல. இந்த வூட்ல எப்புட்றா இருக்கறதுன்னு கீது." மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "ஆனா அன்னிக்கு கேட்டப்ப வுட்ட. ஆறு வருசம் அவள என்கூட வுட்ட. அதுக்கு தேங்ஸ். கோவத்தோடயே சொல்றேன், எட்த்துக்கோ."

எதிர் பிளாக் நட்சத்திரம் ஒன்று படத்தின் கண்ணாடியில் சிவப்பாய் அணைந்து அணைந்து எரிந்தது. ராத்திரி பூசைக்குப் போவானா என்பது அவனுக்கே தெரியவில்லை. குழந்தை ஏசுவைப் பேப்பரில் சுற்றி வைக்கோலில் படுக்க வைத்து, பெட்டியை மூடினான்.

தரையில் கறுப்பாய் ஒரு கோடு நகர்ந்தது. கதவடியிலிருந்து ஜாடிவரை எறும்பு. ரம்முக்கு எறும்பு ஏறாது என்பது இத்தனை வருஷமும் இந்த அந்தோணியாருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

சமையல்கட்டுக்குப் போய்த் தட்டில் தண்ணீர் பிடித்துவந்தான். ஜாடியை இறுக மூடித் துடைத்து, அதன் நடுவில் நிறுத்தினான்.