எஸ் இல்லாத சம்டைம்

லிஃப்ட் கதவில் ஒட்டியிருந்த ஆங்கிலத் தாளைச் சாந்தாமணி முறைத்துப் பார்த்தாள். ஒரு கையில் காய்கறிப் பை, இன்னொரு கையில் மாத்திரைப் பை. ஐந்தாவது மாடியில் கணவர் பாலுசாமி, தொடையில் கம்பி வைத்த காலோடு படுத்திருந்தார். ஆபரேஷன் முடிந்து லிஃப்டில் மேலே போனவர்தான். அதன்பிறகு லிஃப்ட் நின்றது, அவரும் மேலேயே நின்றுபோனார். ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று இந்த வீட்டைப் பிடித்துக் கொடுத்துவிட்டு மகன் மனோஜ்குமார் பெங்களூருக்குப் போய்விட்டான்.

அசோசியேஷன் செயலாளர் கோபாலசாமி ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இதுல என்னங்க எழுதியிருக்குது?"

"லிஃப்ட் சம்டைம் சூன் ரெடியாயிருமுங்க அம்மணி. சீக்கிரத்துல எப்பவாச்சும்னு அர்த்தமுங்க."

"சீக்கிரமாங்களா, எப்பவாச்சுமாங்களா? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க."

அவர் மரியாதையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அவளுக்கு ஆகவே ஆகாது. கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். இப்படி 'ங்க' போட்டுக் கும்பிடுகிற மனிதரை என்ன செய்வது?

படியேறும்போது நான்காம் மாடி ஷ்ரவ்யா எதிரே வந்தாள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண். மூச்சு வாங்க நின்ற சாந்தாமணி அவளிடமும் கேட்டாள்.

"சம்டைம்னா ஏதோ ஒரு நாளுன்னு அர்த்தம் ஆன்ட்டி. சம், டைம்னு நடுவுல எடம் உட்டு எழுதுனா கொஞ்ச காலம். கடைசில எஸ் போட்டா அப்பப்ப."

"அப்ப எஸ் போட்டிருந்தா லிஃப்ட் அப்பப்பவாச்சும் ஓடுமா?"

"அப்படித்தானுங்க அர்த்தம் வரும்."

"அந்த எஸ்ஸையாவது போட்டுத் தொலையச் சொல்லு கண்ணு."

ஷ்ரவ்யா சிரித்துவிட்டாள். சாந்தாமணி சிரிக்கவில்லை. மனோஜும் போனில் இதையேதான் சொல்கிறான். 'சம்டைம் அடுத்த மாசம் வாரேம்மா.' தமிழில் கேட்டால் பிள்ளை ஒரு நாளைச் சொல்லியாக வேண்டும். இங்கிலீஷில் அந்தத் தொந்தரவே கிடையாது போலிருக்கிறது. ஒரே வார்த்தையில் வருவேன் என்றும் ஆயிற்று, வரமாட்டேன் என்றும் ஆயிற்று.

கதவைத் திறக்கும்போதே போன் அடித்தது. ஆனைமலையிலிருந்து மதன்குமார், பாலுசாமியின் அண்ணன் மகன்.

"சித்தி, அப்பாவுக்குக் கஞ்சிகூட எறங்கலீங்க. சித்தப்பா பேரையே சொல்லிட்டிருக்காருங்க. கூட்டிட்டு வந்துருங்க."

பாலுசாமிக்கு அது கேட்டுவிட்டது. சுவரில் தொங்கிய சட்டையைப் பார்த்தார். பிறகு அதை எடுக்கச் சொல்லிக் கையை நீட்டினார்.

சாந்தாமணி கோபாலசாமிக்கு போன் செய்தாள். "மெக்கானிக்குட்ட பேசிப்போட்டேனுங்க அம்மணி. வாரேன்னிருக்காரு. இன்னிக்கு சம்டைம்..."

அவர் முடிப்பதற்குள் அவள் போனை வைத்துவிட்டாள். இரண்டாவது மாடிக்கு இறங்கி ரசாக் வீட்டுக் கதவைத் தட்டினாள். உக்கடத்தில் கட்டில் பீரோ கடை வைத்திருப்பவர். வணக்கம் சொல்லிப் பழக்கம், அவ்வளவுதான். உதவி கேட்டுப் போவது இதுதான் முதல் தடவை. விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் தம்பி சஹீரைக் கூப்பிட்டுவிட்டார். கடைக்கும் போன் போட்டார்.

"மெதுவா கொண்டாந்துரலாங்க்கா. நீங்க வண்டிக்குச் சொல்லுங்க."

கடையிலிருந்து ஆட்கள் இருவர் வந்ததும், கைப்பிடி வைத்த மர நாற்காலியில் பாலுசாமியை உட்காரவைத்து, இடுப்போடு வேட்டியால் கட்டி நான்கு பேரும் தூக்கினார்கள். சாந்தாமணி தலையணையைக் கம்பி வைத்த காலுக்கடியில் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இறங்கினாள். திருப்பங்களில் நாற்காலி சாய்ந்தபோதெல்லாம் தலையணையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். ஒவ்வொரு மாடியிலும் கதவுகள் திறந்தன. பாலுசாமி துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். மூன்றாவது மாடியில் துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"எறக்கி வெச்சுருங்க. நான் போகலை. அண்ணன் நல்லாகட்டும், அப்பறம் ஒருநா போய்க்கலாம்."

"நீங்களும் ஆரம்பிச்சுட்டீங்களா?" சாந்தாமணியின் குரல் படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. "ஊர்ல ஒருத்தருமே நாளு சொல்ல மாட்டீங்களா? இன்னிக்குத்தான் போறோம். இப்பத்தான் போறோம்."

ரசாக்கின் நெற்றி வியர்வை அவர் கண்ணில் இறங்கியது. துடைக்க அவருக்குக் கையில்லை. சாந்தாமணி பாலுசாமியின் முகத்திலிருந்த துண்டை உருவி ரசாக்கின் நெற்றியைத் துடைத்துவிட்டாள். துண்டு போன முகம் அழுதிருந்தது. எல்லோரும் அதைப் பார்க்காததுபோல நாற்காலியோடு மேலும் இறங்கினார்கள்.

வண்டியருகே கோபாலசாமி ஓடிவந்தார். "ஒரு வார்த்தை கண்டிசனாச் சொல்லியிருந்தா நேத்தே முடிச்சிருப்பேனுங்களே அம்மணி!"

அவளுக்குச் சொல்வதற்கு ஒரு மூட்டை இருந்தது. வண்டிக் கதவை இழுத்துச் சாத்தினாள். ரசாக் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். அவரைக் கூப்பிட்டதாக அவளுக்கு நினைவில்லை.

ஆனைமலையில் அண்ணன் ஐயாசாமி கயிற்றுக்கட்டிலில் ஒரு போர்வையளவுக்குச் சுருங்கிக் கிடந்தார். ரசாக்கும் மதன்குமாரும் பாலுசாமியை ஒரு நாற்காலியில் தூக்கிவந்து கட்டிலை ஒட்டி உட்காரவைத்தார்கள். அண்ணன் கண் திறந்து தம்பியைப் பார்த்தார். கை ஊர்ந்து வந்து தம்பியின் தொடையைத் தொட்டது. வேட்டிக்கு மேலாகவே தையல் தடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அதன்மேலேயே விரல்களை வைத்துக்கொண்டது.

"வலிக்குதா?"

"இல்லீங்கண்ணா."

மதன்குமார் கரண்டியில் கஞ்சியை நீட்டினான். ஐயாசாமிக்கு ஒரு வாய் இறங்கியது.

வெளியே தென்னந்தோப்பில் இருட்டு கட்டத் தொடங்கியிருந்தது. டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டான். ரசாக்கும் கடை பூட்டப் போகவேண்டும். சாந்தாமணி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"கெளம்பலாமுங்களா?"

நாற்காலியில் ஒருவரும் கட்டிலில் ஒருவருமாக, இரண்டு பேரும் வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணனின் கை தம்பியின் தொடைமேல் அப்படியே இருந்தது. மறுபடியும் ஹாரன். சாந்தாமணி வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஒரு காலில் மட்டும் செருப்பைக் கழற்றி, நிலைப்படிக்கு உள்ளே அந்தக் காலை வைத்து நின்றாள்.